ஹாங்காங் வியாபாரிங்க ஏன் சொந்தக் காசுல காவல் வச்சாங்க?

1865 ஆரம்பத்துல ஹாங்காங்ல ஒரு பேங்க் கொள்ளை நடந்துச்சு. சென்ட்ரல் பேங்க் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியானு ஒரு பேங்க். திருடனுங்க தெருவுக்கு அடியில போற பெரிய சாக்கடைக்குள்ள இறங்கி, அங்கேருந்து பேங்க் பெட்டக அறைக்கு அடி வரைக்கும் சுரங்கம் தோண்டி, தரையை உடைச்சு மேல வந்து, நோட்டும் தங்கமுமா 1 லட்சம் டாலருக்கு மேல அள்ளிட்டுப் போயிட்டாங்க. ஒரு ராத்திரி வேலை இல்ல இது, பல நாள் தோண்டியிருக்கணும், மண்ணை எங்கயாவது கொட்டியிருக்கணும், பத்துப் பேராவது வந்து போயிருக்கணும். அக்கம்பக்கத்துல ஒருத்தர் கண்ணுல கூடவா படாம இருந்திருக்கும்? பட்டிருக்கும். ஆனா பார்த்தவன் போலீஸ்கிட்ட போய் சொல்ற ஊரா அப்ப ஹாங்காங் இல்ல, அதுதான் விஷயமே.

அடுத்த வருஷம், 1866ல, அதே ஊர் சைனா வியாபாரிங்க கவர்னர்கிட்ட போய், எங்க தெருவுக்கு நாங்களே ஆள் வச்சு சம்பளம் குடுத்துக்கிறோம், நீங்க சட்டப்படி அனுமதி மட்டும் குடுங்கனு கேட்டாங்க. கிடைச்சுது. டிஸ்ட்ரிக்ட் வாட்ச்னு பேரு. 1949 வரைக்கும் அது இருந்துச்சு. காலனி நகரங்கள்ல மக்களும் போலீஸும் சேர்ந்து குற்றத்தைத் தடுத்த கதைனு எடுத்தா இதை அடிக்கடி உதாரணமா காட்டுவாங்க, ஏதோ ரெண்டு பக்கமும் கைகோத்து நின்ன மாதிரி. உள்ள போய் பார்த்தா அப்படி இல்ல. போலீஸை நம்பாததாலதான் இந்த ஒத்துழைப்பே வந்துச்சு.

கொஞ்சம் பின்னாடி போகலாம். 1841ல பிரிட்டிஷ்காரன் ஹாங்காங் தீவைப் பிடிக்கிறப்ப அங்க இருந்தது 7,000 சொச்சம் ஜனம், மீன்பிடிக்கிறவங்க, கல்லு உடைக்கிறவங்க, அவ்வளவுதான். 1861ல கணக்கெடுத்தா 1,19,000க்கு மேல. சீனாவுக்குள்ள தைப்பிங் கலகம்னு அரசாங்கத்தை எதிர்த்து ஒரு பெரிய உள்நாட்டுப் போர் நடந்துக்கிட்டிருந்துச்சு, உயிருக்குப் பயந்து ஓடி வந்தவங்க, கூலி வேலைக்கு வந்தவங்க, பணத்தைக் காப்பாத்திக்க வந்த பெரிய வியாபாரிங்க, கூடவே கடல் கொள்ளைக்காரங்க, எல்லாரும் ஒரே மலைச்சரிவுல வந்து குவிஞ்சாங்க. தைப்பிங்ஷான்னு சொல்ற அந்தப் பகுதில வீட்டுக்கு மேல வீடு, அறைக்குள்ள அறை, யார் யாரோட பங்காளி யாருக்கு யார் ஜாமீன்னு உள்ள இருக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இதைக் காவல் காக்க வந்த போலீஸ் யாரு? 1845ல லண்டன் போலீஸ்லேருந்து சார்லஸ் மே-ன்னு ஒருத்தரைத் தலைமைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அவருக்குக் கிடைச்ச வெள்ளைக்காரப் போலீஸ் பாதிப்பேர் பட்டாளத்துலயும் கப்பல்லயும் இருந்து கழண்டு வந்தவங்க, சம்பளம் கம்மி, குடி ஜாஸ்தி. மிச்சம் இந்தியாலேருந்து போனவங்க. பின்னாடி 1867ல சீக்கியர்களைத் தனியா தேடிப்போய் ஆள் எடுத்தாங்க, ஹாங்காங் பழைய போட்டோக்கள்ல தலைப்பாகையோட நிக்கிற போலீஸ் அவங்கதான். சைனாக்காரங்களும் போலீஸ்ல இருந்தாங்க, ஆனா மேலதிகாரிங்க அவங்களை நம்பல, சம்பளமும் கடைசி வரிசை. ஆக ஒரு தெருவுல திருட்டு நடந்தா வந்து நிக்கிற வெள்ளைக்காரனுக்கும் சரி, இந்தியனுக்கும் சரி, அந்தத் தெரு பேசுற பாஷை தெரியாது. பாதிக்கப்பட்டவன் சொல்றதை மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் கேட்கணும், அந்த மொழிபெயர்ப்பாளர் யார்கிட்ட காசு வாங்கினவர்ங்கிறது வேற கேள்வி.

அதுக்கு நல்ல உதாரணம் டேனியல் கால்ட்வெல். (நம்ம திருநெல்வேலி கால்டுவெல் இல்லைங்க, இவர் வேற.) சிங்கப்பூர்ல வளர்ந்தவர், கான்டனீஸ் சரளமா பேசுவார், சைனாக்காரப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவர். ஹாங்காங் வெள்ளைக்கார அதிகாரிங்கள்ல ஊர் விஷயம் உண்மையிலேயே தெரிஞ்ச ஒரே ஆள்னு சொல்லலாம். 1856ல அவரை ரெஜிஸ்ட்ரார் ஜெனரல், அதாவது சைனாக்காரங்க விவகாரம் பார்க்கிற அதிகாரி ஆக்கினாங்க. அவருக்குத் துப்பு குடுத்த முக்கியமான ஆளு மா-சௌ வோங். அந்த ஆளே கடல் கொள்ளைக்காரங்களோட கூட்டாளினு 1857ல கோர்ட்டுல தண்டனை ஆச்சு. அப்புறம் கால்ட்வெல் மேலயே அட்டார்னி ஜெனரல் குற்றச்சாட்டு அடுக்கி, விசாரணை மேல விசாரணை வச்சு, கடைசில வேலை போச்சு. அரசாங்கத்துக்கு இருந்த ஒரே காது, அதுக்குள்ள ஓதினதும் திருடன்தான். இதைவிட கேவலம் இருக்கா!

சரி, சட்டம் போட்டு ஜனங்களைக் கட்டுப்படுத்தலாம்னு பார்த்தாங்களா, அதையும் செஞ்சாங்க. 1844ல கவர்னர் ஜான் டேவிஸ் ஆளாளுக்குப் பேர் பதிவு, அதுக்குக் கட்டணம்னு ஒரு சட்டம் கொண்டுவந்தார். கடைகளை இழுத்து மூடிட்டு, வேலையை நிறுத்திட்டு, கிட்டத்தட்ட 3,000 பேர் ஊரை விட்டே கிளம்பிட்டாங்க. சில நாள்லயே சட்டத்தைத் தளர்த்த வேண்டியதாச்சு. ஊர் ஒத்துழைக்கலேன்னா என்ன ஆகும்ங்கிறது அரசாங்கத்துக்கு அப்பவே புரிஞ்சிருக்கணும். அதே 1844ல இன்னொரு முயற்சியும் நடந்துச்சு, சீன கிராமத்துல வழக்கமா இருக்கிற மாதிரி ஊர்க்காரங்கள்லயே சிலரைக் காவல் அதிகாரியா வைக்கிறது. நம்ம ஊர் தலையாரி, மணியக்காரர் மாதிரினு வச்சுக்கங்களேன். 1853ல அதுக்கு இன்னும் கொஞ்சம் பலம் குடுத்தாங்க, சின்னச் சின்னத் தகராறைத் தீர்த்து வைக்கிற அளவுக்கு. 1861ல அதை எடுத்துட்டாங்க.

நடுவுல 1857 வந்துச்சு. பிரிட்டிஷ்காரனுக்கும் சீனாவுக்கும் ரெண்டாவது அபினிப் போர் நடக்குது, ஊரே பதட்டத்துல இருக்கு, ஜனவரி 15ஆம் தேதி காலைல ஒரு சைனா பேக்கரிலேருந்து போன ரொட்டியைச் சாப்பிட்ட நூத்துக்கணக்கான வெள்ளைக்காரங்க வாந்தி எடுத்து விழுந்தாங்க, ரொட்டில ஆர்சனிக். கவர்னர் பவுரிங்கோட மனைவிக்கும் உடம்பு முடியாமப் போச்சு. பேக்கரி முதலாளி சியோங் ஆ-லும் மேல கேஸ் போட்டாங்க, ஆதாரம் இல்லைனு ஜூரி விட்டுடுச்சு. இந்த ரொட்டி விஷயத்துக்கு ஒன்பது நாள் முன்னாடியே ஒரு சட்டம் வந்திருந்துச்சு, ராத்திரி 8 மணிக்கு மேல சைனாக்காரன் வெளிய வந்தா கைல பாஸ் இருக்கணும், காவல்காரன் கூப்பிட்டும் பதில் சொல்லாம சந்தேகப்படுற மாதிரி நடந்தா சுடலாம். ராத்திரி பாஸ், கைல விளக்கு, இந்த ரெண்டும் அதுக்கு முன்னாடியும் வேற வேற வடிவத்துல இருந்துச்சு, பின்னாடியும் 1897 வரைக்கும் இருந்துச்சு. வெள்ளைக்காரனுக்கு இந்த விதி கிடையாது. ராத்திரி வெளிய வந்தாலே சந்தேகக் கேஸ்னு அரசாங்கமே சொல்லுது, அப்படிப்பட்ட ஜனங்க எந்த நம்பிக்கைல ராத்திரி போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடி வந்து திருட்டு நடக்குதுனு சொல்லுவாங்க?

சைனா வியாபாரிங்க இதுக்குள்ள சும்மா இருக்கல. ஹாலிவுட் ரோட்டுல மான் மோ கோயில்னு ஒண்ணு, இன்னைக்கும் டூரிஸ்ட் போற இடம், 1847ல கட்டினது. கட்டினவங்க லூ ஆக்வி, டாம் ஆச்சோய்னு ரெண்டு பெரிய புள்ளிங்க. லூ ஆக்வி அபினிப் போர்ல பிரிட்டிஷ் படைக்கு சாப்பாடு சப்ளை பண்ணி, அதுக்குப் பரிசா நிலம் வாங்கி, சூதாட்ட விடுதி, விபச்சார விடுதினு பணம் சேர்த்த ஆள், கொள்ளைக்காரங்களோட தொடர்பும் உண்டுன்னு பேச்சு. ஆனா சைனாக்காரங்களுக்குள்ள வர்ற பஞ்சாயத்து எல்லாம் அந்தக் கோயில்லதான் நடந்துச்சு. ஊர்ப் பெரியவங்கன்னா எல்லாரும் உத்தமர்னு நினைச்சுக்க வேண்டாம்னுதான் இதைச் சொல்றேன். கடைக்காரங்க ராத்திரி காவலுக்குத் தனித்தனியா ஆள் வச்சிருந்தாங்க, அவங்க மூங்கில் தட்டிக்கிட்டே சுத்துவாங்க, தூக்கம் கெடுதுனு வெள்ளைக்காரங்க புகார் பண்ணதுல 1844லயே அதுக்குத் தடை போட்ட கூத்தும் நடந்துச்சு.

இந்தப் பின்னணிலதான் 1866 வருது. கவர்னர் ரிச்சர்ட் மெக்டானல் அந்த வருஷம்தான் பதவிக்கு வந்தார், குற்றத்தை அடக்கியே தீருவேன்னு ஒரு வேகம். கைதிகள் விரும்பினா விடுதலை, ஆனா காதுல குறி போட்டு ஊரை விட்டு அனுப்பிடுவாங்க, திரும்பி வந்தா கசையடிங்கிற திட்டமெல்லாம் அவர் கைவண்ணம். அடுத்த வருஷம் சூதாட்ட விடுதிக்கு லைசென்ஸ் குடுத்தார், ஏன்னா திருட்டுத்தனமா நடக்கிற சூதாட்டத்துலேருந்து போலீஸ் மாமூல் வாங்குறது நிறுத்த முடியல, சட்டப்படி ஆக்கிட்டா மாமூலுக்கு வேலை இல்லைங்கிற கணக்கு. தன் போலீஸைப் பத்தி ஒரு கவர்னருக்கே இருந்த அபிப்பிராயம் இதுதான். அப்படிப்பட்டவர்கிட்ட வியாபாரிங்க வந்து சொந்த செலவுல காவல்னு கேட்டா வேண்டாம்னு சொல்வாரா?

ஏற்பாடு இப்படி. ஒவ்வொரு வட்டாரத்துலயும் சைனா கடைக்காரங்களும் வீட்டுக்காரங்களும் சந்தா போடுவாங்க. அந்தக் காசுல காவல்காரங்களுக்குச் சம்பளம். ஆட்கள் சைனாக்காரங்க. அரசாங்கமும் கொஞ்சம் பணம் குடுத்துச்சு, ஆனா பெரும்பங்கு ஊர்க்காசு. அவங்களுக்குக் கைது பண்ற அதிகாரம் உண்டு. இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், எனக்கு இதுதான் மொத்தக் கதையோட முடிச்சா தெரியுது: இவங்க போலீஸ் தலைவருக்குக் கீழ இல்ல, ரெஜிஸ்ட்ரார் ஜெனரலுக்குக் கீழ. அதாவது சைனாக்காரங்களோட பேசுறதுக்குன்னே இருக்கிற ஆபீஸுக்குக் கீழ. போலீஸ் இன்ஸ்பெக்டர் இவங்களை மிரட்ட முடியாது, மாமூல்ல பங்கு கேட்க முடியாது. சம்பளம் குடுக்கிற கடைக்காரர் திருப்தி இல்லேன்னா நேரா பெரிய இடத்துல சொல்லலாம். தெருவுல நடக்கிறதைக் காவல்காரன்கிட்ட சொன்னா அது எங்க போகும், யார் காதுக்குப் போகும்னு சொல்றவனுக்குத் தெரியும்.

காவல்காரங்க வேலை ரோந்து மட்டும் இல்ல. திருட்டு சாமான் எந்த அடகுக் கடைல இருக்குனு விசாரிக்கிறது, கப்பல்ல புதுசா வந்து இறங்கினவன் எந்த விடுதில தங்கியிருக்கான்னு பார்க்கிறது, ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு உதவுறது, கோயில் திருவிழால கூட்டத்தைக் கட்டுப்படுத்துறது எல்லாம் உண்டு. இன்னொரு பெரிய வேலை கடத்தப்பட்ட பொண்ணுங்களைக் கண்டுபிடிக்கிறது. சீனாவிலேருந்து ஏமாத்திக் கூட்டிட்டு வந்து ஹாங்காங் வழியா சிங்கப்பூர், கலிஃபோர்னியானு வித்துடுற கும்பல் அப்ப ஏராளம். 1878ல சீனாவோட டோங்குவான் ஊர்லேருந்து வந்த வியாபாரிங்க சேர்ந்து, துப்பறியிற ஆளுங்களை வச்சு இதைத் தடுக்க அனுமதி குடுங்கனு கவர்னர் ஹென்னஸிகிட்ட பெட்டிஷன் போட்டாங்க, அதுலேருந்து வந்ததுதான் 1880ல போ லியுங் குக். இன்னைக்கும் ஹாங்காங்ல பெரிய தர்ம ஸ்தாபனமா அது இருக்கு. ஆனா இதுலயும் ஒரு உள்குத்து. பொண்ணைக் கடத்துறது தப்புனு சண்டை போட்ட அதே வியாபாரிங்க, ஏழை வீட்டுப் பொண்ணைக் காசு குடுத்து வாங்கி வீட்டு வேலைக்கு வச்சுக்கிறது எங்க சம்பிரதாயம், அதுல கை வைக்காதீங்கனும் சொன்னாங்க.

இந்த இடத்துல நம்ம மெட்ராஸ் ஞாபகம் வராம இருக்காது. கம்பெனிக்காரன் கோட்டை கட்டின 17ஆம் நூற்றாண்டுலயே கறுப்பர் பட்டணத்துக்குக் காவல் பெத்த நாயக்கன்ங்கிற பரம்பரைக் காவல் தலைவர் பொறுப்பு. அவருக்குக் கீழ தலையாரிங்க. கூலியா வரியில்லாத நிலம், ஊருக்குள்ள வர்ற சில சரக்கு மேல ஒரு சின்ன வரி. பதிலுக்கு ஒரு கடுமையான நிபந்தனை, களவு போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கணும், முடியலேன்னா அவரே ஈடு கட்டணும். பெத்தநாயக்கன்பேட்டைங்கிற பேர்ல அவர் இன்னும் இருக்கார். ஹாங்காங் காவலுக்கு இந்த ஈடு கட்டுற நிபந்தனை கிடையாது, அதுக்குப் பதிலா மாசச் சந்தாதான் கடிவாளம். ரெண்டு ஊர்லயும் கம்பெனியோ சர்க்காரோ ஊருக்குள்ள நுழைய முடியாத இடத்துல, ஏற்கனவே ஊர்ல இருந்த பழக்கத்தை எடுத்து அதுக்கு முத்திரை குத்திக்கிட்டாங்க.

திரும்ப ஹாங்காங். 1880கள்ல ரெஜிஸ்ட்ரார் ஜெனரலா வந்தவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் லாக்ஹார்ட், ஸ்காட்லாந்துக்காரர், சீன மொழி நல்லா படிச்சவர். 1888ல டிஸ்ட்ரிக்ட் வாட்ச் சம்பந்தமா புது சட்டம். 1891ல லாக்ஹார்ட்டும், பேங்க் காம்ப்ரடோரா, அதாவது வெள்ளைக்கார பேங்குக்கு சைனாக்காரங்களோட வியாபாரத்தைப் பார்த்துக்கிற இடையாளா இருந்து பின்னாடி சட்டசபை உறுப்பினர் ஆன வெய் யுக்கும் சேர்ந்து இந்தக் காவலை நிர்வாகம் பண்ண ஒரு கமிட்டி அமைச்சாங்க. பேரு என்னவோ காவல் கமிட்டி. ஆனா போகப் போக கவர்னர் சைனாக்காரங்க சம்பந்தமா எது செய்யணும்னாலும் முதல்ல இந்தக் கமிட்டியைக் கேட்க ஆரம்பிச்சார், கல்யாணச் சட்டம், சுகாதாரம், ஸ்ட்ரைக், எதுவானாலும். கவர்னருக்கு ஆலோசனை சொல்ற உச்ச சபைக்கு எக்ஸிக்யூட்டிவ் கவுன்சில்னு பேரு, இந்தக் கமிட்டியை சைனாக்காரங்களோட எக்ஸிக்யூட்டிவ் கவுன்சில்னே ஊர்ல சொல்ற அளவுக்குப் போச்சு. உண்மையான எக்ஸிக்யூட்டிவ் கவுன்சில்ல ஒரு சைனாக்காரர் உட்கார்ந்தது 1926லதான், அவர் ஷௌசன் சௌ, அவரும் இந்தக் கமிட்டி வட்டத்து ஆள்தான். ராத்திரி காவலுக்குச் சந்தா வசூல் பண்ண ஆரம்பிச்ச கூட்டம் முப்பது வருஷத்துக்குள்ள அரசாங்கத்துக்கு யோசனை சொல்ற இடத்துக்கு வந்துடுச்சு.

அப்ப வியாபாரிக்கு லாபம், சரி. அரசாங்கத்துக்கும் லாபம், கம்மி செலவுல துப்பு கிடைக்குது. கூலிக்காரனுக்கு? சந்தா போடுற வசதி இல்லாதவன், ஒரே அறைல இருபது பேரோட படுக்கிறவன், அவன் இந்தக் காவலுக்கு முதலாளி இல்ல, அவன்தான் காவல்காரன் கண் வைக்கிற ஆளு. புதுசா வந்தவன், ஜாமீன் சொல்ல ஆள் இல்லாதவன், சங்கம் சேர்க்கிறவன். 1925-26ல ஹாங்காங் மொத்தமா ஸ்தம்பிச்ச பெரிய ஸ்ட்ரைக் நடந்துச்சு, ரெண்டரை லட்சம் பேர் வரைக்கும் ஊரை விட்டுப் போனதா சொல்வாங்க. அப்ப ஷௌசன் சௌவும் சட்டசபை உறுப்பினர் ராபர்ட் கோட்வாலும் அரசாங்கத்துக்குப் பக்கபலமா நின்னு ஸ்ட்ரைக்கை உடைக்க முழுசா வேலை பார்த்தாங்க. சமூகம் ஒத்துழைச்சுதுனு எழுதுறப்ப, அந்த சமூகம்ங்கிறது எத்தனை பேர், எந்தத் தெருக்காரங்கனு கேட்காம விட்டா கதை பாதிதான்.

இதுக்கு நடுவுல நிஜ போலீஸ் திருந்திச்சான்னு கேட்டா, 1897ல போலீஸ் தலைவரா இருந்த ஃபிரான்சிஸ் ஹென்றி மே (முன்னாடி சொன்ன மே இல்ல, இவர் பின்னாடி கவர்னரே ஆனவர்) ஒரு சூதாட்ட விடுதில ரெய்டு போனார், அங்க மாமூல் கணக்கு நோட்டு சிக்குச்சு, வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர்லேருந்து கான்ஸ்டபிள் வரைக்கும் பேர் இருந்துச்சு, வரிசையா வேலை போச்சு. டிஸ்ட்ரிக்ட் வாட்ச் சுத்தமா இருந்துச்சுனு நான் சத்தியம் பண்ண மாட்டேன், காசு புழங்குற இடத்துல அதுவும் மனுஷங்கதான். ஆனா அதை வேவு பார்க்க தெருவுல காசு குடுத்தவன் இருந்தான், போலீஸுக்கு அது இல்ல.

1941 கடைசில ஜப்பான்காரன் வந்தான், 1945ல போனான், அதுக்கப்புறம் பழைய ஏற்பாடு எதுவும் பழைய மாதிரி ஓடல. போலீஸ்ல கான்டனீஸ் பேசுற ஆளுங்க ஜாஸ்தி ஆனாங்க, சீனாவுல கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் பாதுகாப்பு விவகாரம் முழுக்க அரசாங்கம் தன் கைல எடுத்துக்குச்சு, 1949ல டிஸ்ட்ரிக்ட் வாட்சைக் கலைச்சுட்டாங்க.

பாஷை பிரச்சினை தீர்ந்துச்சு, மாமூல் பிரச்சினை தீரல. 1973ல பீட்டர் காட்பர்னு ஒரு சீஃப் சூப்பரின்டெண்டெண்ட், சம்பளத்துக்குப் பல மடங்கு சொத்து சேர்த்து மாட்டி, விசாரணை நடக்கிறப்பவே விமானம் ஏறி இங்கிலாந்து போயிட்டார். ஜனங்க தெருவுக்கு வந்து கோஷம் போட்டாங்க. அதுவரைக்கும் லஞ்சப் புகாரை விசாரிச்சது போலீஸுக்குள்ளயே இருந்த ஒரு பிரிவு, அங்க போய் போலீஸ் மேல யார் புகார் சொல்வா? கவர்னர் மெக்லிஹோஸ் 1974 பிப்ரவரில லஞ்ச ஒழிப்புக்குன்னு போலீஸுக்கு சம்பந்தமே இல்லாம, நேரா கவர்னருக்கு மட்டும் பதில் சொல்ற ஒரு தனி கமிஷனை ஆரம்பிச்சார், அதுல மூணுல ஒரு பிரிவு முழுக்க ஜனங்களோட பேசிப் பழகுறதுக்குன்னே. தெருமுனைல ஆபீஸ் திறந்து வச்சாங்க. புகார் வந்து குவிஞ்சுது.